மேஸ்திரியின் மூக்கு

அந்தப் பட்டறையில் அதற்கு மருந்து என்று பெயர். டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டில் வாய்க்குள் நுழையாத வேறு ஏதோ பெயர் இருந்தது, பக்கத்தில் ஒரு மண்டை ஓடும் இருந்தது. மண்டை ஓட்டை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், பெயரை யாரும் படித்ததில்லை. கடைசல் மிஷினிலிருந்து எண்ணெயும் பிசுக்குமாக வரும் இரும்புச் சாமான்களைக் கம்பிக்கூடையில் அடுக்கி, மருந்து ஆவியாகப் பொங்கும் தொட்டிக்குள் சங்கிலியில் இறக்கினால், கொஞ்ச நேரத்தில் புதுப் பாத்திரம் மாதிரி வெளியே வரும். இரும்பையே அப்படிக் கழுவிவிடுகிற சரக்கு மனுஷனை மட்டும் சும்மா விடுமா? கை வெளுத்துத் தோல் வெடிக்கும். சாயங்காலமானால் தலை கிறுகிறுக்கும். வேலை விட்டுப் போய் எவனாவது ஒரு வாய் ஊற்றிக்கொண்டால் முகம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிடும். மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், வைத்தியரிடம் போ என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

கூடை அடுக்குகிறவளை எல்லோரும் கூடைக்காரி என்பார்கள். அவள் புருஷன் தொட்டிக்காரன். அவர்கள் இருவரையும் ஆட்டிவைக்கிற மேஸ்திரி வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அக்காவின் புருஷன். வீடும் ஒன்றுதான். கீழே அக்கா குடும்பம், மாடியில் இவர்கள். பார்க்கிறவர்களுக்கு ஒற்றுமையான குடும்பம். மோட்டார் சுவிட்சுக்கும் துணிக்கொடிக்கும் நடக்கிற சண்டையைக் கேட்டால் அந்த ஒற்றுமையின் லட்சணம் தெரியும். வாய் முற்றினால் அக்கா கடைசியாக ஒன்று சொல்வாள்: "உன் புருஷன் திங்கற சோறு என் புருஷன் வாங்கிக் குடுத்த வேலை." அதோடு கூடைக்காரி வாயை மூடிக்கொண்டு மாடியேற வேண்டும். வருஷக்கணக்காக ஏறிக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, அடியில் படிந்த கசடைச் சுரண்டி எடுப்பார்கள். பாதி தரைக்குள் புதைத்த தொட்டி, ஆழம் ஆள் உயரத்துக்கும் மேலே. ஏணி வைத்து இறங்க வேண்டும். மருந்தின் ஆவி காற்றைவிடக் கனம், மேலே பறந்து போகாது, கண்ணுக்குத் தெரியாத தண்ணீராக அடியிலேயே தேங்கிக் கிடக்கும். தொட்டியை விற்றவன் வந்து மாட்டிக்கொடுத்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனான். முதல் நாளே மூடியைத் திறந்துபோடு, மின்விசிறி வைத்து அடித்தளம் வரை காற்றை விரட்டு, ஆவி இருந்தால் கத்துகிற இந்த மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார், இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டு, விழுந்தால் பின்னாலேயே குதிக்காதே. மீட்டரையும் ஒருதடவை இறக்கிப் பார்த்தார்கள். அது வீல் வீலென்று கத்தி நிறுத்த மாட்டேன் என்றது, அரை நாள் வேலை கெட்டது. மேஸ்திரி அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"இந்த டப்பாவுக்கு இருக்கற மூக்கு எனக்கு இல்லையா?" என்றார்.

அன்றிலிருந்து மீட்டரின் வேலையை அவர் மூக்கு பார்த்தது. தொட்டி விளிம்பில் கையூன்றி, தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி நீளமாக ஒரு இழுப்பு. பட்டறையே மூச்சுக் காட்டாமல் நிற்கும். அவர் நிமிர்ந்து, மீசையை ஒருதடவை தடவிவிட்டு, "சுத்தம்" என்பார். தொட்டிக்காரன் உடனே இறங்குவான். உள்ளே போகிறவன் இவன், பெருமை அவருக்கு.

தொட்டி கழுவுகிற நாளில் அக்காவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு டம்ளர் பாலைத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிடுவாள், தொட்டிக்காரன் வந்து குடிக்க. பால் குடித்தால் மருந்தின் விஷம் முறிந்துவிடும் என்று பட்டறையில் எவனோ கிளப்பிவிட்ட கதை. மூச்சில் போனதைப் பால் போய்த் தேடிப் பிடிக்குமாக்கும்! ஒரு கரண்டி சர்க்கரை கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவளுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து இந்தக் கரிசனம் என்று கூடைக்காரிக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் பாலை வீணாக்க மனம் வராமல் புருஷனிடம் எடுத்துக் கொடுப்பாள்.

இந்தத் தடவை தொட்டி கழுவுவதற்கு முதல் நாள் சாயங்காலம், கொடியில் தன் துணிகளை ஒரு ஓரமாக ஒதுக்கித் தள்ளியிருப்பதைக் கேட்கத்தான் அவள் கீழே இறங்கினாள். வாசலிலேயே கேஸ் நெடி முகத்தில் அறைந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது, கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அடுப்புக்குக் கை எட்டும் தூரத்தில் மேஸ்திரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் சிகரெட். கையில் தீப்பெட்டி. குச்சியை எடுத்தாயிற்று.

கூடைக்காரி பாய்ந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்தார் மேஸ்திரி.

"கேஸ் திறந்து கிடக்குது மாமா! நாத்தம் தெரியலையா?"

அவர் முகத்தில் ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு மூக்கைச் சுளித்து, "ஆமா, இப்பத்தான் தெரியுது" என்றார். சிலிண்டரை அதற்குள் அவள் மூடி முடித்திருந்தாள். ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்த அக்கா ஜன்னல்களைப் படபடவென்று திறந்தாள். தங்கையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அவருக்கு ஒரு வாரமா சளி. நீ எதுக்கு இங்க வந்த?"

சளியாம். அன்று முழுக்கப் பட்டறையில் அந்த ஆளுக்குப் பின்னாலேயே நின்றவள் அவள். ஒரு தும்மல் இல்லை, ஒரு செருமல் இல்லை. துணிக்கொடியை மறந்துவிட்டு மாடியேறினாள். அந்த மூக்கு செத்துப்போய் எவ்வளவு நாளாகிறதோ. அதை நம்பித்தான் நாளைக் காலையில் அவள் புருஷன் தொட்டிக்குள் இறங்கப்போகிறான்.

தொட்டிக்காரன் நம்பவில்லை. "சகலை மூக்கை நம்பித்தான் இத்தனை வருஷமா இறங்கறேன். முழுசா வந்து நிக்கிறேனா இல்லையா?"

"இறங்கிட்டு வந்து ரெண்டு நாளைக்கு வாந்தி எடுக்கறீங்களே, அது?"

"அது வெயில். உனக்கு உங்க அக்காவப் பார்த்தா வயித்தெரிச்சல், அவ்வளவுதான். அண்ணன் தம்பி மாதிரி இருக்கோம், ஊடால பூந்து கெடுக்காத."

வயிற்றெரிச்சல் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. இருந்தது, நிறையவே இருந்தது. அதற்காக மூக்கு செத்தது பொய்யாகிவிடுமா?

மறுநாள் காலையில்தான் தொட்டி மூடியைத் திறந்து, மருந்தை டிரம்முக்கு வடித்தார்கள். திறந்து வைத்தால் மருந்து வீணாக ஆவியாகிவிடும் என்று மேஸ்திரி எப்போதும் முந்தின நாள் திறக்க விடமாட்டார். தொட்டிக்காரன் கால்சட்டையை மடித்துவிட்டு, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டினான். ஈரத்துண்டு தூசிக்கு ஆகும், இந்த மருந்துக்கு அது சல்லடை. பட்டறையில் எந்நேரமும் இருக்கிற அதே தித்திப்பு நெடிதான் அன்றும் இருந்தது. பழகின மூக்குகளுக்கு அது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மேஸ்திரி விளிம்பில் கையூன்றினார், தலையை விட்டார், இழுத்தார், மீசையைத் தடவினார்.

"சுத்தம்."

"ஒரு நிமிஷம் மாமா."

கூடைக்காரி ரப்பர் கையுறை போட்ட கைகளில் கைக்கொன்றாக ஈரத்துணி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுல எது மருந்து, எது தண்ணி? தொடாம, மோந்து மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

"என்ன நீ, வேலை நேரத்துல விளையாட்டா?"

"சொல்லிடுங்க மேஸ்திரி" என்றார் கடைசல்காரர். ஊர் வம்பென்றால் மிஷினை நிறுத்திவிட்டு வருகிற ஆள். "உங்க மூக்குக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விலக வழியில்லை. மேஸ்திரி குனிந்து ஒரு துணியை மோந்தார், மற்றதை மோந்தார். திரும்பவும் முதல் துணிக்கே வந்தார். அவள் கண்ணைப் பார்த்தார், கண்ணில் விடை எழுதியிருக்கிற மாதிரி.

"இடது கை மருந்து. வலது கை தண்ணி. போதுமா? போய் வேலையப் பாரு."

அவள் இரண்டையும் கடைசல்காரர் முகத்துக்கு நேராக நீட்டினாள். மனிதர் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார்.

"அடச்சே, ரெண்டுமே மருந்துதானே!"

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"சளி பிடிச்சிருக்கு."

"அக்காவும் அதான் சொன்னா. எங்க, ஒரு தும்மல் தும்முங்க பார்ப்போம்."

"ஏய், போதும் விடு!" என்று கத்தினான் தொட்டிக்காரன். அவமானம் அவனுக்கே வந்தது போல அவன் முகம் கறுத்திருந்தது. "சகலை, நீங்க கண்டுக்காதீங்க. நான் இறங்கறேன்." சொல்லிக்கொண்டே ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான்.

அந்தக் காலைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ அறுந்தது. புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு மேஸ்திரியிடம் திரும்பினாள்.

"சுத்தம்னா நீங்க இறங்குங்க! உங்க மூக்கு, உங்க உசுரு. என் புருஷனோடத வச்சு எதுக்குப் பெருமை தேடறீங்க?"

பீரோவைத் திறந்து மீட்டரை எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவே வரவில்லை. அந்த மீசை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வாயைவிட்டுப் போன வார்த்தையைத் திரும்பக் கூப்பிடவும் அவள் நினைக்கவில்லை.

மேஸ்திரி தொட்டிக்காரனை ஒதுக்கித் தள்ளினார். கயிறு கட்டுங்கள் என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்கவில்லை. விறுவிறுவென்று இறங்கினார். அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "பார்த்தியா?" என்றார். இன்னும் என்னவோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. குடித்தவர் போல ஒரு சிரிப்பு சிரித்தார். சுவரைப் பிடிக்கக் கை நீட்டி, சுவர் இல்லாத பக்கம் சாய்ந்தார். மண்டை இரும்பில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சகலை!" என்று தொட்டிக்காரன் விளிம்பில் தாவி ஏறினான்.

கூடைக்காரி தன் கம்பிக்கூடையை ஓங்கி அவன் முழங்காலுக்குப் பின்னால் அடித்தாள். அவன் மடங்கி விழுந்தான். அவன் மேலேயே விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி, செத்துருவாருடி!"

"நீயும் போனா ரெண்டு பொணம்! யாரும் இறங்காதீங்க! காத்தடிங்க, காத்து!"

அவன் அவளைக் குத்தினான், பிறாண்டினான். அவள் விடவில்லை. கடைசல்காரர்தான் கம்ப்ரஸர் குழாயை இழுத்துவந்து மேஸ்திரியின் முகத்துக்குப் பக்கத்தில் இறக்கித் திறந்துவிட்டார். ஒருவர் பெரிய மின்விசிறியை உருட்டி வந்தார். தொட்டிக்குள் விழுந்த சாமானை எடுக்கிற நீளக் கொக்கியால் துழாவித் துழாவி அவர் பெல்ட்டை மாட்டினார்கள். கூடைகளைத் தூக்குகிற அதே சங்கிலியில் மேஸ்திரி தலை தொங்க மேலே வந்தார். உதடு நீலம். மூச்சு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் வெகுநேரம் ஆனது. இருந்தது.

ஆஸ்பத்திரியில், குழாய் வைத்த முகத்தோடு அவர் படுத்திருந்த அறைக்கு வெளியே அக்கா காத்திருந்தாள். பிழைத்துவிட்டார், இருதயம்தான் தாறுமாறாக அடிக்கிறது, சில நாள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கையைக் கண்டதும் அக்கா எழுந்து நின்றாள்.

"உன் ஆத்திரம் அடங்கிச்சா? அத்தனை பேர் முன்னாடி அவமானப்படுத்திக் குழிக்குள்ள அனுப்பிட்ட. நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?"

"ஆமா, நான்தான் அனுப்பினேன். இல்லைன்னா என் புருஷன் போயிருப்பாரு."

"வீட்டுல தனியா கூப்பிட்டு மூக்கு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேக்கற ஆளா அவரு?"

"கேக்க மாட்டாருதான்! ரெண்டு வருஷமா நான் தலைபாடா அடிச்சுக்கறேன், கேட்டாரா?"

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. கையைக் கொண்டுபோய் வாயில் வைத்தாள்.

இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை அந்த "சுத்தம்" என்ற சொல்லைக் கேட்டு அவள் புருஷன் ஏணியில் கால் வைத்திருக்கிறான். அவன் எடுத்த வாந்தியை அவள் வாளி வாளியாகக் கழுவி ஊற்றியிருக்கிறாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"மேஸ்திரி வேலை போயிடும்டி. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா அவர யாரு மதிப்பா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "கல்லு மனசுன்னு நினைக்காத. தொட்டி கழுவற அன்னிக்கெல்லாம், உன் புருஷன் படியேறுற சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பால் கூட வைப்பேனே..."

அக்கா சொல்லி முடிக்கும் முன்பே கூடைக்காரி திரும்பி நடந்துவிட்டாள்.

வீட்டில் தொட்டிக்காரன் படியில் உட்கார்ந்திருந்தான். வீங்கிய முழங்காலில் ஈரத்துணி. அவளோடு அவன் இன்னும் பேசவில்லை. கடைசிப் படியில், தட்டுப் போட்டு மூடி, காலையிலேயே வைத்த பால் டம்ளர் இருந்தது. அக்கா வழக்கம்போல வைத்துவிட்டுத்தான் காத்திருந்திருக்கிறாள்.

கூடைக்காரி டம்ளரைத் தூக்குவதைப் பார்த்து அவன் கையை நீட்டினான்.

"குடு. வயித்தப் புரட்டுது."

"வேற காய்ச்சித் தரேன்."

சாக்கடை ஓரமாகப் போய்ப் பாலை ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாள். குழாயடியில் டம்ளரை மண் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பூட்டிக் கிடந்த அக்காவின் வாசலில், நிலைப்படிக்கு நேராக, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடியேறினாள்.