நாலு நொடி சும்மா இருக்கட்டும்

அருண்குமார் மவுஸை ஒரு தட்டுத் தட்டியதும், பதிவு செய்திருந்த காளிச்சாமியின் குரல் பெரிதாகிவிட்டது. தண்ணித் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிற ஆளின் குரல், இப்போது ஏதோ கோபுரத்திலிருந்து இறங்கி வருவது போல இருந்தது.

“இது சர்ச்சுங்க்கா,” என்றான். “ரிவெர்ப்னு சொல்லுவோம். எந்த எடத்துல நின்னு பாடற மாதிரி வேணுமோ, அந்த எடத்தோட முழக்கத்தக் குரலுக்குப் பின்னால போட்டுக்கலாம். கம்ப்யூட்டர்ல அந்த மாதிரி முப்பது பிளகின் வெச்சிருக்கறேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அவனுடைய ஸ்டூடியோ. கீழே இரும்பு கடைகிற அதிர்வு பாதம் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் காளிச்சாமி கண்ணாடி அறைக்குள் ஹெட்போனைக் கழற்றாமல் சிரித்தபடி நின்றான்.

“இதக் கேளுங்க. கல்யாண மண்டபம்.”

“எந்த மண்டபமுங்க தம்பி?”

“ஏதோ ஒண்ணுதான். பெருசு.”

“பெரிய மண்டபத்துக்கெல்லாம் நாங்க போயிருக்கறமுங்க. பின்பக்கமா ஏறி மொட்டமாடித் தொட்டி வரைக்கும். பந்தி நடக்கற எடம் எப்படி முழங்கும்னு எனக்குத் தெரியாதுங்க.”

அருண்குமார் பாட்டை ஓடவிட்டான்.

பாசி வழுக்குது, பாத்துப் புடி. அதுதான் முதல் வரி. இருபது வருஷமாக அவர்களுடைய வேலைப் பாட்டு. கிணறோ தொட்டியோ, காளிச்சாமி உள்ளே, பாவாத்தாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே. ஒரு வரி பாடுவான், நாலு நொடி நிறுத்துவான். அந்த நாலு நொடியில் அவன் மூச்சு இழுப்பது மேலே கேட்கும். அடுத்த வரி வராவிட்டால் இழுத்துவிட வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோப்புக் கிணற்றில், டீசல் மோட்டாரின் புகை அடியில் தங்கியிருந்தது தெரியாமல் இறங்கிவிட்டான். மூன்றாவது வரி வரவில்லை. ஐந்தாவது நொடியில் அவள் போட்ட கூச்சலுக்குத் தோப்பு ஆட்கள் ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார்கள். வெளியே வந்து வாந்தியெடுத்தான், பிழைத்தான். பிறகு வேறொரு தொட்டியடியில் யாரோ செல்போனில் பிடித்த பாட்டைக் கேட்டுத்தான் அருண்குமார் இவர்களைத் தேடிப்பிடித்தான்.

“வேண்டாமுங்க,” என்றாள் பாவாத்தாள்.

“எதுங்க்கா வேண்டாம்?”

“அவரு மூச்சு கேக்கலீங்க. அந்த நாலு நொடிய என்னமோ வந்து மூடிக்குது.”

“அதுக்குத்தான ரிவெர்ப்பே போடறது. அந்த எடம் வெறுமையாக் கெடந்தா, பாட்டு நின்னுபோச்சுன்னு கேக்கறவங்க அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க.”

உள்ளேயிருந்து காளிச்சாமியின் பேச்சு ஸ்பீக்கரில் வந்தது. “நல்லாத்தான இருக்குது அம்மணி. சாமி பாடற மாதிரி.”

“சாமிக்கு மூச்சு வேண்டாமுங்க மாமா. உங்களுக்கு வேணும்.”

“உனக்கு எதுலதான் கொறையில்ல? கட்டுன நாள்ல இருந்து கேட்டுட்டு இருக்கறேன்.”

“இன்னும் கேட்டுட்டு இருக்கறீங்கல்ல, அதுக்குச் சந்தோசப்படுங்க.”

அருண்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குகை போட்டான், அரண்மனை போட்டான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஏழாவதில் அவனுக்குப் பொறுமை போயிற்று.

“பதினோரு வருசமா இதே வேலைங்க்கா. என்ற காத நம்புங்க.”

“சரிங்க தம்பி, நம்பறேன். செவுத்தப் பாத்துத் திரும்பிக்குங்க. அந்தச் சர்ச்சு முழக்கத்தையே போட்டு உடுங்க. அவரு பாடுவாரு. நடுவுல எங்காச்சும் நிறுத்துவாரு. நின்ன ஒடனே நீங்க கையத் தூக்கோணும்.”

அவன் திரும்பிக்கொண்டான். காளிச்சாமி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். இரண்டாவது வரியின் பாதியில் வாயை இறுக்கி மூடினான். குரல் மட்டும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் விரல் மடக்கினாள். ஒன்று. இரண்டு. அருண்குமாரின் கால் இன்னும் தாளம் போட்டது. மூன்று முடிந்த பிறகுதான் கை மேலே போனது.

“மூணு நொடியா நீங்க கேட்டது சர்ச்சு முழக்கமுங்க,” என்றாள். “என்ற ஊட்டுக்காரரு அப்பவே நின்னுட்டாரு.”

கண்ணாடிக்குப் பின்னால் காளிச்சாமியின் சிரிப்பு போயிருந்தது.

அருண்குமாரின் முகம் கறுத்தது. “இது ஸ்டூடியோங்க்கா, கெணறு இல்ல. இங்க யாரும் சாகப் போறதில்ல.”

“தெரியுமுங்க. ஆனா இந்தப் பாட்டு எதுக்குப் பாடறம்னு கேக்கறவங்களுக்குத் தெரியோணும். அவிங்களும் ஒரு நாலு நொடி பயப்படட்டும். தள்ளிவிடறவங்க தள்ளிவிட்டுட்டுப் போகட்டும். இந்த முழக்கம் எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க. இல்லாட்டிப் பாட்டே வேண்டாமுங்க.”

அவள் எழுந்து கூடையைக் கையில் மாட்டிக்கொண்டாள். காளிச்சாமி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எடுத்துப்போடுங்க தம்பி,” என்றான்.

“வெறுங்குரலா உட்டா என்ற பேரப் போட மாட்டேன். தொழில்ல இருக்கறவங்க சிரிப்பாங்க.” பாட்டோடு வெளியாகும் பெயர்களை எழுதுகிற தாளை அருண்குமார் அவர்கள் பக்கம் தள்ளினான். பாடியவர், பதிவு செய்த இடம், ஒலிக்கலவை என்று வரிசையாக இருந்தது. “ஒலிக்கலவைங்கற எடம் காலியாத்தான் போகும்.”

பாவாத்தாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “இதுல பேரு போடறவங்க என்னங்க பண்ணோணும்?”

“எந்தச் சத்தம் இருக்கோணும், எது இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோணும்.”

“அத நான் பண்ணிப்போட்டேனுங்க,” என்று பேனாவை எடுத்தாள்.

அருண்குமார் முழக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடுகடுப்போடு பாட்டை ஓடவிட்டான். நாற்பத்தெட்டு வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்த எழுத்து அவளுடையது. பா போட்டாள், வா போட்டாள். முதல் வரி முடிந்து குரல் நின்றது. பேனாவும் நின்றது. அவளுடைய இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. அருண்குமார் அசையாமல் ஸ்பீக்கரையே பார்த்தான். பக்கத்தில் நின்றிருந்த காளிச்சாமிகூடத் தன் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. அதன் பின்னால் வரி வந்தது.

கையைத் தளர்த்தி, மிச்ச எழுத்தை எழுதினாள்.