தானா ஆறட்டும்

இருபது வருஷமாக வெல்டிங் செய்கிறேன். பட்டறையில் பொறி தெறித்துக் கொப்புளம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். ஊசியை நெருப்பில் காட்டு, குத்து, பிதுக்கு, களிம்பை அப்பு, வேலையைப் பார். என் கைகளில் தழும்பு இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால், பிறந்த அன்றே காசநோய்த் தடுப்பூசி போட்ட எங்கள் மகள் சுண்டெலிக்கு, ஐந்தாவது வாரம் இடது தோளில் மிளகளவு சிவந்து சீழ் கோத்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. அடுப்பில் ஊசியைக் காய்ச்சினேன்.

என் மனைவி கட்டடத்தில் செங்கல் சுமக்கிறவள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். நர்ஸ் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தாள். அது எழும்பும், உடையும், கசியும், தானே காயும். பிதுக்கக் கூடாது, எதையும் பூசக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

நர்ஸுக்குப் புண்ணைப் பற்றி என்ன தெரியும், என் கையைப் பார் என்றேன்.

"பாத்துட்டுத்தான் சொல்றேன். இந்தக் கை என் பொண்ணுக்கு வேணாம்."

சுருக்கென்றது. அவள் விடவில்லை.

"பத்தவெச்ச இடம் ஆறுறதுக்குள்ள தண்ணி ஊத்தினா விரிசல் விடும்னு பட்டறையில எத்தனை பேரைத் திட்டியிருக்கீங்க? இரும்புக்குக் காட்டுற பொறுமை இவளுக்கு இல்லையா?"

அடுப்பை அணைத்தேன்.

மூன்று வாரம் அது கசிந்தது. சட்டையில் கறை பட்டால் எனக்கு விரல் துறுதுறுக்கும். அவளோ கொதிக்க வைத்து ஆறிய நீரில் துணி நனைத்து ஒற்றுவாள், காயவிடுவாள், அவ்வளவுதான். தினமும் காலையில் அக்குளை விரலால் தடவிப் பார்ப்பாள். ஒரு நாள் விரல் நின்றது. பட்டாணியளவு கட்டி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

நர்ஸ் அமுக்கிப் பார்த்தார். இந்த ஊசிக்குச் சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, பெரிசானாலோ இளகினாலோ உடனே வாங்க, மாதாமாதம் காட்டுங்க என்றார். அப்புறம் தோளைத் திருப்பினார்.

"யாரும்மா பாத்துக்கறது? ஒருத்தரும் கை வெக்காத புண்ணைப் பாத்து நாளாச்சு."

பத்துக் கல்லைத் தலையில் ஏற்றி நிமிர்ந்து நடப்பவள், தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு பேரும்தான்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லம்மா. நான் ஊசியோட நின்னேன். இவதான் விடல."

கட்டி மெல்லக் கரைந்தது. நாலாம் மாதம் தோளில் உளுந்தளவு வட்டமாக ஒரு தழும்பு மட்டும் மிச்சம். பிள்ளையைப் பட்டறை வாசலுக்கே தூக்கிப்போய்க் காட்டினேன். மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், சுத்தமான வேலை, யார் செய்தது என்றார்.

"என் கை படாததுனாலதான் சுத்தமா இருக்கு" என்றேன். "எங்க வீட்டு மேஸ்திரி செஞ்சது."