சீட்டு இல்லாமல்

வாய்க்கரிசி போட ஐயாதுரையை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு நாள் மனைவியின் வாயில் மாத்திரை போட்ட கை இப்போது அரிசியை அள்ள மறுத்தது. துக்கத்தில் ஒடிந்துவிட்டார் என்றார்கள். துக்கம்தான், அதைவிட வெட்கம் அதிகம்.

ராஜபாளையத்தில் வீட்டின் முன்னறைதான் அவருடைய மருந்துக் கடை. சுவரில் தொங்கும் மருந்தாளுநர் சான்றிதழ் மதுரைக்காரர் ஒருவருடையது. அந்த மனிதர் கடைப்படி ஏறியதே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்த மாத்திரையை, காய்ச்சல் என்று வரும் மில் ஆட்களுக்கு ஐயாதுரை ரெண்டு ரெண்டாக வெட்டிக் கொடுப்பார். மருந்து ஆய்வாளர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீப்பை விட்டு இறங்கினால் போதும், அங்குள்ள கடைக்காரர் ஃபோன் போட்டுவிடுவார்; இங்கே ஷட்டர் இறங்கிவிடும். அதில் பெருமை வேறு.

தொண்ணூற்றிரண்டில் ஊரெல்லாம் டைபாய்டு. மனைவி செல்லக்கனிக்கும் வந்தது. காய்ச்சல் ஏறினால் அதே மாத்திரையைக் கொடுப்பார், தணிந்தால் நிறுத்துவார். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்டார்.

"வீட்ல ஏதும் மாத்திரை குடுத்தீங்களா? இந்தக் கிருமி இப்பப் பழைய மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. குடுத்திருந்தா சொல்லுங்க, மதுரையில இருந்து வேற மருந்து வரவழைக்கணும்."

"ஒண்ணும் குடுக்கல சார்."

சொன்னால் கடை போய்விடும் என்ற பயம். கட்டிலில் கிடந்த செல்லக்கனி அவரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டர் அதே பழைய மாத்திரையில் தொடங்கினார். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் ஐந்து நாள் போய், குடலில் ஓட்டை விழுந்துவிட்டது.

பாடையைத் தூக்கும் நேரம், பக்கத்துத் தெரு இருளம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். செல்லக்கனியின் தம்பி பால்பாண்டியிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"துட்டி வீட்டுல கேக்கக் கூடாது தம்பி. பிள்ளைக்கு நாலு நாளாக் காச்ச. அண்ணாச்சி எப்பவும் குடுப்பாவள்ல, அந்த மாத்திரை ரெண்டு..."

பால்பாண்டி திரும்பினான். "அத்தான், கடச் சாவி எங்க?"

கொடுக்காதே, டாக்டரிடம் அனுப்பு என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். சுற்றிலும் செல்லக்கனியின் பிறந்த வீட்டு ஆட்கள் நின்றார்கள்.

"இன்னைக்குக் கட கெடையாது" என்றார் ஐயாதுரை.

இருளம்மாளின் முகம் சுண்டிவிட்டது. "தப்புதான் அண்ணாச்சி. புத்தி கெட்டுப்போயி இந்த நேரத்துல வந்து நின்னுட்டேன். மன்னிச்சிருங்க."

அவள் கும்பிட்டாள். பெரிய மனது பண்ணி மன்னிப்பவரைப் போல அவர் தலையை ஆட்டினார்.

பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அவள் பஜாரில் இருக்கும் அடுத்த மருந்துக் கடையைப் பார்த்து வேகமாக நடந்தாள்.