முறைக்கிற முகம்

என் மகள் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் புருவம் கொஞ்சம் இறங்கியிருக்கும். எனக்கும் அப்படித்தான். என்னை உரித்து வைத்தாற்போல் பிறந்தவள், வேறு எப்படி இருப்பாள்? சிரிக்காமல் சும்மா நின்றால் யாரையோ முறைப்பது போலத் தெரியும். இத்தனை வருஷம் கழித்து இதை அவளுடைய மேனேஜர் கண்டுபிடித்திருக்கிறார். வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். ஆபரேஷன் செய்து புருவத்தைத் தூக்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் பின்பக்கம் துணி மடிக்கிற வேலைக்குப் போ என்று சொல்லி, டாக்டரின் விலாசத்தையும் அவரே கொடுத்திருக்கிறார். வேலையில் குறை சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நான் பெற்ற முகத்தில் குறை சொல்ல இந்த ஆள் யார்?

நான் கூட வந்தால் சண்டை போடுவேன் என்று மகள் என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தாள். டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

டாக்டர் இனிக்க இனிக்கப் பேசினார். மூன்று வழி இருக்கிறது என்று ஆரம்பித்து ஏதேதோ சொன்னார். மகள் விழித்தாள். அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. அம்மாவின் நெற்றியில் காட்டினால் சட்டென்று புரியும் என்று சொல்லிக்கொண்டே ஊதா நிறப் பேனாவைத் திறந்துவிட்டார். செய்த சத்தியம் தடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைக் கொடுத்தேன்.

முடிக்குள் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு உள்ளேயிருந்து தூக்கலாமாம். அதற்கு நெற்றி உச்சியில் நாலைந்து புள்ளி வைத்தார். முடியோரமாகக் கிழித்துத் தோலை மேலே இழுத்துத் தைக்கலாமாம். அதற்கு நீளமாக ஒரு கோடு. புருவத்துக்கு மேலேயே ஒரு கீற்றுத் தோலை வெட்டி எடுக்கலாமாம். தழும்பு மட்டும் தெரியுமாம். அதற்கு இரண்டு புருவத்தின் மேலும் வளைவாக இழுத்தார். இப்படியே விட்டால் வயசான பிறகு என்ன ஆகும் என்பதற்கும் என்னையே கைகாட்டினார். கடைக்காரர் ஓட்டைப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டுவது போல இருந்தது. எனக்குக் காது வரைக்கும் கொதித்தது.

"புருவத்தைச் சுருக்குற தசையையும் கொஞ்சம் எடுத்துடுவோம்" என்றார் கடைசியில். "அப்புறம் நீங்களே நினைச்சாலும் யாரையும் முறைக்க முடியாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை. எத்தனை நாள் லீவு போட வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரமே வருகிறேன் என்றாள்.

வெளியே வந்ததும் ஈரத்தாளை நீட்டித் துடைக்கச் சொன்னாள்.

"துடைக்க மாட்டேன். உன்னை எங்கெங்க வெட்டப் போறாங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்."

பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். நெற்றியில் என்னக்கா என்று கண்டக்டர் கேட்டதற்கு, என் மகளிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியவள்தான், ஹோட்டல் வரும்வரை திரும்பவில்லை. மத்தியானம் அவளுக்கு வேலை இருந்தது. அவள் இறங்கினாள், நானும் இறங்கினேன். வேண்டாம்மா என்று கெஞ்சினாள். சத்தியம் டாக்டரிடத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மேனேஜர் வரவேற்பில்தான் நின்றிருந்தார். எதிரே அறை கேட்டு வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அம்மாவும் சேர்ந்து பண்ணிக்கிறாங்களா? நல்லது. குடும்பத்துக்கே தேவைதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் புருவம் இரண்டும் இறங்கி நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. பெற்றவள் நான், அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை. குரலை மட்டும் உயர்த்தவே இல்லை.

"சார், இத்தனை நாளா நான் முறைக்கல. சும்மா நின்னுட்டிருந்தேன். இப்பதான் முறைக்கிறேன். வித்தியாசம் தெரியுதா?"

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன். துணி மடிக்க அனுப்புறதா இருந்தா எதுக்காகன்னு வரிசையில நிக்கிற இவங்க முன்னாடியே சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பக்கத்திலிருந்த தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் மேசைக்குப் பின்னால் போய் நின்று அடுத்தவரைக் கூப்பிட்டாள். முகம் இன்னும் ஆறவில்லை. பெட்டியோடு வந்த பெரியவர் அந்த முகத்தைப் பார்த்துப் பயந்ததாகத் தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

நாளைக்கே அவளை அனுப்பினாலும் அனுப்புவார்கள். போனால் அந்த முகத்தோடுதான் போவாள். என்னுடைய நாலு கேள்வியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. கோடுகளைத் துடைக்காமல், அந்த அறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்த சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.