கைப்பிடி இல்லாத பேய் வீடு

ஆர்லிஸ் வெண்ட் பூத்தையலாகத் தைத்த கறுப்புப் பூனை, இஸ்திரி போட்ட சூடு ஆறுவதற்குள் துணியை விட்டு இறங்கிப்போய் அவள் கணவன் கோர்டியின் நாற்காலியில் படுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருஷம் காக்கைகள். அதற்கும் முன்னால் பூசணிக்காய்கள். அவை பல்லைக் காட்டினாலும் பலகாரம் செய்ய நன்றாகவே இருந்தன. விஸ்கான்சினில் ஹோல்ம் ஃபால்ஸ் என்ற அந்த ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் வந்தால் புகைபோக்கியைச் சுத்தம் செய்வார்கள், மான் வேட்டைக்குத் துப்பாக்கியைத் துடைப்பார்கள், ஆர்லிஸ் வீட்டில் இந்தத் தடவை என்ன இறங்கியது என்று விசாரிப்பார்கள். கிறிஸ்துமஸ் மணியோ ரோஜாவோ தைத்தால் அது துணியிலேயே கிடந்தது. இலையுதிர்காலத்தில் வரும் ஹாலோவீன் பேய்ப் பண்டிகை டிசைன்களுக்கு மட்டும்தான் இந்தக் குணம்.

ஆர்லிஸின் தையல் சுத்தம், ஒரு குறையைத் தவிர. நூலை ஊசியில் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு அவளுக்கு வராது. டிசைனில் முடிச்சு இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவாள். காக்கைகளின் கண்கள் முடிச்சுகளாக இருந்தன. எனவே அவை கண் இல்லாமல் இறங்கி, குளிர்காலம் முழுக்க ஜன்னல்களில் மோதிக்கொண்டே பறந்தன.

கோர்டி காக்கைகளைப் பொறுத்துக்கொண்டான். பூனைமயிர் அவனுக்கு ஆகாது. ஒரு வருஷம் தும்மிவிட்டு, காலைக் காப்பியின்போது சொன்னான்: "இந்த வருஷம் வீட்டுக்குள்ள இன்னொண்ணு இறங்கிச்சுன்னா நான் ஓ க்ளேர் டவுனுக்குத் தம்பி வீட்டோட போயிடுவேன்." கோர்டி சும்மா சொல்கிற ஆள் இல்லை. அத்தை மகனோடு இனிப் பேச மாட்டேன் என்று ஒருமுறை சொன்னவன், அவனுடைய சாவுக்குப் போனபோதும் பேசவில்லை.

தைக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஆர்லிஸைத் தெரியாது. வியாழக்கிழமை லூத்தரன் சர்ச்சின் நிலவறையில், தையல்காரிகளின் காப்பி மேஜையில், அவளும் அவள் சிநேகிதி பெவ் டாலெஃப்சனும் டிசைன் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விஷயம் டிசைனைப் பற்றியது இல்லை, கோர்டி இருப்பதா போவதா என்பதுதான் என்று இருவருக்கும் தெரியும்.

"சூனியக்காரி?" என்றாள் பெவ்.

"ஒரு சமையல்கட்டுல ரெண்டு பொம்பளைங்களா?"

"வௌவால்?"

"கோர்டிக்கு முடியே இல்ல. ஆனாலும் முடியில சிக்கிக்கும்னு பயப்படுவான்."

"இந்தப் பேய் நல்லா இருக்குடி. சாதுவாத் தெரியுது."

"எங்க மாமியாரும் போட்டோல சாதுதான்."

பெவ் பக்கத்தைப் புரட்டினாள். கோணல் கூரை, மஞ்சள் வெளிச்சம் தெரியும் ஜன்னல்கள், லேசாகத் திறந்த கதவு. பேய் வீடு. "இதைத் தை. வீட்டுக்கென்ன காலா இருக்கு, உன் வீட்டுக்குள்ள நடந்து வர?" இருவரும் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார்கள். உள்ளே ஒருத்தரும் இல்லை.

லினன் துணியில் ஒவ்வொரு தையலும் துணியின் இரண்டு இழையைத் தாண்டி விழ வேண்டும். கூடத்தில் கோர்டி இறக்கி வைத்திருந்த காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே தைத்ததில், ஆர்லிஸ் ஒற்றை இழையாகத் தாண்டிவிட்டாள். கூரை பாதி முடிந்த பிறகுதான் படம் பாதி அளவில் வருவது தெரிந்தது. பிரிப்பதற்கு அவள் பிறக்கவில்லை. அப்படியே முடித்தாள். கதவின் கைப்பிடி ஒரே ஒரு பிரெஞ்சு முடிச்சு. வழக்கம்போல விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் துணியின் மேலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்ததும், கொல்லையில் துணிக்கொடிக்கும் தக்காளிப் பாத்திக்கும் நடுவில் வீடு நின்றது. பாதி அளவு வீடு. கதவு கோர்டியின் மார்பு உயரம்.

கோர்டி அதைப் பார்த்து, "கொல்லையும் வீட்டுல சேர்த்திதான்," என்றான். பெட்டியில் துணிகளை அடுக்கி டிரக்கில் ஏற்றினான். ஆனால் அவன் வாழ்நாள் முழுக்கக் கூரை வேய்ந்தவன். அந்தக் கோணலை யார் இப்படி முட்டுக்கொடுத்தது என்று பார்க்காமல் போக முடியவில்லை. குனிந்து உள்ளே போனான். காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.

"ஆர்லிஸ், இந்தப் பக்கமும் கைப்பிடி இல்ல."

"தைக்கல."

"ஜன்னலும் அசையல. இப்பத் தை."

"தைச்சா நீ போயிடுவ."

உள்ளே கூரைச் சட்டத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "பெட்டிய ஏத்திட்டேன்ல," என்றான் கோர்டி.

பெவ் ஆப்பிள் சாறு கொண்டுவந்து, வேலியருகே நின்று யோசனை சொன்னாள். "விடுடி. சாப்பாட்டுக்குப் பாலாடைக்கட்டித் துண்டு கதவடியில நுழையும். பாதி ஊருல புருஷன் எங்கன்னே தெரியல. உனக்கு இடமாவது தெரியும்." ஆர்லிஸ் அதை உண்மையாகவே யோசித்தாள். கதவடியில் ஒரு துண்டு தள்ளியும் பார்த்தாள், நுழைந்தது. அதை எடுக்கும் சத்தம் கேட்டது. நன்றி என்றும் கேட்டது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் ஊசியை எடுத்தாள். முதல் முடிச்சு துணிக்குள் போய்விட்டது, இரண்டாவதும். அப்புறம் வந்தவை சிக்கலாகி, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. திட்டிக்கொண்டே போட்ட ஒன்று நின்றது. அதன் மேல் இஸ்திரியை வைத்து எடுத்தாள்.

கதவில் ஒரு பித்தளைக் குமிழ் முளைத்தது. ஆர்லிஸ் வெளியே வந்து அதைத் திருகியதும் கதவு திறந்தது. கோர்டி வெளியே வரவில்லை. ஆர்லிஸ் குனிந்து பார்த்தாள். அவன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வந்து ஒரு தும்மல் கூட இல்ல," என்றான். "பெட்டிய எடுத்துட்டு வா."

கோர்டி வெண்ட் சொன்னபடியே வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். போன இடத்திலிருந்து சாப்பாட்டு நேரத்துக்குத் துணிக்கொடியைத் தாண்டி வருகிறான், ஞாயிற்றுக்கிழமை பின்கட்டுப் படியில் நின்று டிவியில் ஃபுட்பால் பார்க்கிறான், சின்ன வீட்டில் குளிர்காய அடுப்பு இல்லாததால் பனி அதிகமானால் பெரிய வீட்டிலேயே தங்கிவிடுகிறான். அவன் முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. பூனை நாற்காலியை முழுசாக எடுத்துக்கொண்டது. ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள் இரண்டு கதவையும் தட்டுகிறார்கள். சின்ன வீட்டில் பெரிய சாக்லேட் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் செப்டம்பர் வந்தால் டிசைன் புத்தகம் கோர்டியிடம்தான் இருக்கிறது. இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பேய்கள் சுற்றி உட்கார்ந்த ஒரு இரும்பு அடுப்பின் மேல் விரல் வைத்தான்.

"பேய் வேணாம்," என்றான். "அடுப்பு மட்டும் தை."