போஸ்ட்டை விட்டு நகராதவர்

படையின் வெற்றி ஆயுதத்தில் இல்லை, தலைமை தாங்குகிறவனின் குரலில் இருக்கிறது. முன்னாள் ஹவில்தார் கொளஞ்சியப்பன் இதை வேப்பந்தட்டை டீக்கடையில் சொல்லாத நாளில்லை. அந்தக் குரலுக்கு அவர் வீட்டு எருமைகூடத் திரும்பிப் பார்க்காது, அது வேறு கதை.

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழையில் ஊர் ஏரி தளும்பி, நண்டு வளை ஒன்றின் வழியே கரை கசிய ஆரம்பித்தது. உச்சிப்பொழுதுக்குள் கசிவு கைத்தண்டி பருத்துவிட்டது. கரை போனால் கீழே தூர் கட்டி நிற்கிற நெல் அத்தனையும் போகும். ஆளாளுக்கு மண்வெட்டியோடு ஓடிவந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவன் கொட்டிய மண்ணை இன்னொருவன் மிதித்துக் கரைத்தான்.

அப்போதுதான் பாச்சை உருண்டை வாசத்தோடு மிலிட்டரி பேண்ட்டும், கழுத்தில் விசிலுமாகக் கொளஞ்சியப்பன் வந்தார். மண் வெட்ட ஓர் அணி, வைக்கோல் கட்ட ஓர் அணி என்று பிரித்தார். இருந்த கோணிகளையெல்லாம் உபரித் தண்ணீர் வழிகிற தூரத்துக் கலிங்குக்கு அனுப்பினார். கையிருப்பை முன்வரிசையில் வைப்பவன் தளபதியே இல்லையாம். அதிசயமாக எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். யாராவது ஒருவர் கத்தினால் போதும் என்றிருந்த நேரம் அது. ஊர் திரும்பிய பத்து வருஷத்தில் முதல்முறையாகத் தன் சொல் எடுபடுவதைக் கண்டு அவர் தேவையில்லாமல் ஒருமுறை விசிலை ஊதினார். இன்றைக்குக் கரையும் நிற்க வேண்டும், சொல்லும் நிற்க வேண்டும்.

வெளிப்பக்கம் கொட்டிய மண் நிற்கவில்லை. ஏரிக்குள் இறங்கி வளையின் வாயை அடைத்தால்தான் உண்டு. யாரை அனுப்பலாம் என்று அவர் பார்வையை ஓட்டுவதற்குள் டீக்கடைக் கூட்டாளி சாமிக்கண்ணு முந்திக்கொண்டான்.

"தான் போவாத எடத்துக்கு கமாண்டர் ஆள அனுப்ப மாட்டான்னு சொல்லுவீங்களே, பட்டாளத்தாரே?"

கொளஞ்சியப்பன் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில் காலால் துழாவி வாயைக் கண்டுபிடித்தார். கொடுத்த வைக்கோல் கட்டுகளை வளை ஒவ்வொன்றாக விழுங்கியது. கோணி கேட்டார். கோணி கலிங்கில் இருந்தது. எடுத்துவர ஓடியவன் பாதி தூரம்கூடப் போகவில்லை, கரையிலிருந்து ஒரு வண்டி மண் சரிந்தது. கொளஞ்சியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு முங்கினார். எழுந்தார், வைக்கோலை வாங்கினார், மறுபடி முங்கினார். கலங்கிய தண்ணீரில் கரையில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கசிவு நின்றது.

ஊரே கொண்டாடியது. அவர் சம்சாரம் முத்தாயி தூக்குவாளியோடு வந்து, சோறு ஆறுகிறது, மேலே வாருங்கள் என்றாள்.

"கடைசி ஆள் வூட்டுக்குப் போற வரைக்கும் கமாண்டர் போஸ்ட்ட வுட்டு நவுர மாட்டான். எல்லாரும் கலைஞ்சு போங்க. இது ஆர்டர்."

சாமிக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒங்கள தண்ணில வுட்டுட்டு நாங்க மட்டும் வூட்டுக்குப் போவமா? நல்லாருக்கே நாயம்."

துண்டை உதறிப் போட்டுக் கரைமேல் சம்மணமிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும், அவர்களைத் தேடி வந்த பெண்டு பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொளஞ்சியப்பன் விசிலை ஊதினார். இன்னும் பலமாக ஊதினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மிலிட்டரி பேண்ட், இரண்டு காலும் முடியப்பட்டு, உள்ளே வைக்கோல் திணிக்கப்பட்டு, வளையின் வாயில் இருந்தது. அதற்கடியில் வேறெதுவும் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.