நாற்பது வீட்டில் ஒரே கேள்வி

சிதம்பரத்தில் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கூட்ட அறையில், மத்தியானம் மூன்று மணிக்கு, அறம் நடந்துகொண்டிருந்தது. ஆய்வு அறக்குழுவில் ஏழு பேர், ஏழு தண்ணீர் பாட்டில், நடுவே ஒரு தட்டு முந்திரி கேக். கம்மாபுரம் பக்கத்து ஊரில் வீட்டுக்கு ஒன்றாக நாற்பது பிள்ளைகளின் எச்சிலை எடுத்து மரபணு பார்த்ததில், இருபத்தேழாம் எண்ணில் ஒரு கோளாறு தெரிந்திருந்தது. பெண்பிள்ளை, வயது ஒன்பது. முப்பதைத் தாண்டியபின் மார்பில் புற்று வரலாம். வீட்டில் சொல்வதா, வேண்டாமா?

தலைவர் தில்லைநாதன் கண்களை மூடிக்கொண்டு பேசினார். குழந்தையின் எதிர்காலத் தன்னுரிமை, அதாவது வளர்ந்தபின் தானே முடிவெடுக்கும் உரிமை, என்றார். மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் தட்டில் ஒரு கேக் குறைந்தது. குழந்தைகள் சார்பில் பேச வேண்டிய உறுப்பினர் லால்பேட்டைக்குக் கல்யாண விருந்துக்குப் போயிருந்ததால் அவர் நாற்காலி காலி.

நிலையத்தின் களப்பணியாளர் பிரிசில்லா சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். அந்த ஊருக்குப் போய் எச்சில் குப்பிகளில் எண் ஒட்டியவள் அவள்தான். இருபத்தேழு என்றால் இலக்கியா என்று அவளுக்குத் தெரியும். ஏசிக் குளிரில் கண் சொருகியது. காலி நாற்காலியில் இலக்கியா வந்து உட்கார்ந்திருந்தாள். தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறையில் கொஞ்சம் தண்ணீர் ஏறியது. பேராசிரியர்கள் கோப்புகளோடு மெல்ல மிதந்தார்கள். ஒருவருக்கும் நனைந்ததாகத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு முடிவானது: பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை சோதனை முடிவை உறையிலிட்டு வைப்பது. பிரிசில்லா கை தூக்கினாள். அந்தக் கோளாறு தாய்வழி வந்ததாக இருந்தால் தாய்க்கு இப்போதே ஆபத்தில்லையா என்று கேட்டாள். தாய் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை என்றார் தில்லைநாதன், வருத்தத்தோடுதான். பிறகு எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளையின் ரகசியத்தை உடைக்க பிரிசில்லாவுக்கும் மனமில்லை. சொன்னால் ஒருநாள் பெண் கேட்டு வருகிறவன் காதுவரை போகும். தாயைச் சாகவிடவும் மனமில்லை. மறுநாள் நோட்டோடு ஊருக்குப் போய் முதல் வீட்டில் தொடங்கினாள். பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா? எண் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கேள்வி. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொன்னார்கள். நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கமிருந்து வந்த தூசியில், தெரு தரையை விட்டு விரற்கடை உயர்ந்து நின்றதுபோல் இருந்தது.

இருபத்தேழாவது வீட்டில் இலக்கியாவின் அம்மா மங்கலம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா அதுலதான் போச்சு. முப்பத்தாறு வயசுல," என்றாள். "எனக்கு இப்ப முப்பத்தஞ்சு நடக்குது." கை நின்றது. "இன்னா பிரிசில்லா, எம்பொண்ணு எச்சில்ல எதுனா வந்துச்சா?"

"இருபத்தாறு வூட்ல கேட்டுட்டுத்தான்க்கா வர்றேன்." பொய்யில்லை. "உங்கம்மாவுக்கு இருந்துச்சுன்னா நீங்க காட்டிக்கணும். நாளைக்கு கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வர்றேன்."

மங்கலம் கையிலிருந்த துணியை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு எட்டரை பஸ்ஸில் போனால் சரியாக இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

வாசலுக்கு வந்த இலக்கியா தன் ரிசல்ட் எப்போது வரும் என்றாள்.

"பதினெட்டு வயசு ஆனதும் நீயே வந்து கேளு."

"எனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா?"

"வராத. அவ்ளோதான்."

ஏழு பேர் மூன்று மணி நேரம் பேசியது வாசற்படியில் முடிந்துவிட்டது.

இங்கேயே நோட்டை மூடினால், ஏன் இந்த வீட்டோடு நின்றாள் என்று ஊர் யோசிக்கும். பிரிசில்லா இருபத்தெட்டாவது வீட்டுக் கதவைத் தட்டினாள்.